ஈடு மீட்டாச்சு, பதிவு நீங்கினதோ?

(பரமட்டாவில் நடந்த எமது குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய பேச்சு)



நான் சட்டத்தரணி இல்லை. ஏ.எல். வரை படிச்சுப்போட்டு இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவன். ஆனால் வீட்டுக்கடனைக் கட்டி முடிக்கிற ஆட்கள் எங்கட சனத்துக்குள்ள கூடிக்கொண்டு வருகினம். அதனால் இதைக் கதைக்கத்தான் வேணும்.

ஊரில ஈடு மீட்டால் உறுதி கைக்கு வரும். பெட்டிக்குள்ள வைத்துப் பூட்டுவோம். நியூ சவுத் வேல்சிலும் முந்திக் கடதாசிப் பத்திரம் இருந்தது. 2021 ஒக்டோபர் 11இல் அதை ஒழித்துவிட்டார்கள். இப்ப எல்லாம் கணினிப் பதிவு. கையில் ஒன்றும் வராது. அதனால் கடன் கொடுத்தவர் தன் வேலையைச் செய்தாரா என்பது எங்களுக்குத் தெரியவும் வராது.

கடைசித் தவணை கட்டினவுடன் ஈடு தானாக நீங்காது. விடுவிப்புப் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு கடன் கொடுத்தவர் காணிப் பதிவகத்தில் விடுவிப்பைப் பதிய வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் ஒரு அண்ணை 2022 மாசியில் கடனை முடித்துப் படிவமும் கொடுத்தார். 2025இல் வீட்டை விற்கப் போனால் ஈடு அப்படியே பதிவில் நிற்கிறது! விற்பனை இழுபட்டது. விற்ற காசில் வாங்க இருந்த மற்ற வீட்டுக்குத் தாமத வட்டி கட்டினார். "மூன்று வருசம் போச்சு, இனி என்ன கேட்கிறது" என்று பேசாமல் இருந்துவிட்டார்.

கேட்கலாம். இந்த மாநிலத்தின் 1969ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட 6 வருடம் உண்டு. ஆனால் கவனியுங்கோ: அது மீறல் நடந்த நாளிலிருந்து ஓடும், நாங்கள் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல. அண்ணையின் விடுவிப்பு 2022 சித்திரைக்குள் முடிந்திருக்க வேண்டுமென்றால், 2028 சித்திரையைத்தான் கெடுவாக மனதில் வைக்க வேண்டும். இலங்கையின் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலும் எழுத்து ஒப்பந்தத்துக்கு அதே 6 வருடந்தான்.

நீதிமன்றம் என்றால் செலவு. அதற்கு முதல் அவ்கா என்கிற நிதி முறைப்பாட்டு ஆணையம் இருக்கிறது. 2018 நவம்பரில் தொடங்கியது. எங்களிடம் காசு வாங்காது. முதலில் கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் முறையிட வேண்டும். பொதுவாக 30 நாளுக்குள் அவர் மறுமொழி தரவேண்டும். அவ்காவில் 6 வருடக் கணக்கு, நட்டம் எங்களுக்குத் தெரிய வந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. ஆனால் கடன் கொடுத்தவரின் இறுதி மறுமொழி வந்தால் அதிலிருந்து 2 வருடத்துக்குள் போகவேண்டும். அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடாதையுங்கோ.

இந்தியாவில் 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்திருக்கிறது: கடன் முடிந்து 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பாத வங்கி, தாமதம் தன்னுடையதென்றால், நாளுக்கு 5,000 ரூபா கொடுக்க வேண்டும். நல்ல விதி. இங்கே நட்டத்தை நாங்கள்தான் எண்பிக்க வேண்டும். ஆகவே படிவத்தின் பிரதி, அனுப்பிய திகதி, கட்டிய வட்டிக்கான பற்றுச்சீட்டு எல்லாம் வேணும்.

கடன் முடித்து இரண்டு மாதத்தில் சிறு கட்டணம் கட்டிக் காணிப் பதிவைத் தேடிப் பாருங்கோ. இரண்டாம் அட்டவணையில் ஈடு இன்னும் நின்றால் அன்றே எழுதுங்கோ. பரமட்டாவில் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. ஆங்கிலம் தடக்கினால் 131 450க்கு அடித்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. அண்ணையின் முறைப்பாட்டுக் கடிதம் போன கிழமை தபாலில் போட்டாச்சு.