புளித்த மண்ணுக்கு மருந்து

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை அடுத்து வாழும் நம்மவர் தோட்டங்களில் கத்தரியும் வெண்டையும் செழிக்காமல் நிற்பதுண்டு. பெருமழை சுண்ணாம்புச் சத்தை அரித்துச் செல்வதால் இங்குள்ள செம்புரை மண் புளிப்பேறியது. காய்கறிக்கு ஏற்ற கார அமில அளவு 6 முதல் 7 வரை. இங்கோ பெரும்பாலும் 6-க்குக் கீழே.

பலசரக்குக் கடையின் ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றினால் புளிப்பு அடங்குமே என்பர் சிலர். அடங்கும்; ஆயின் அதிலுள்ள சோடியம் மண்ணைப் பற்றி இறுக்கி, நீர் இறங்காமற் செய்யும். நம் ஊர்க் களர் நிலங்களைக் கெடுப்பதும் அச்சோடியமே அன்றோ! ஊரில் விட்டுவந்த துன்பத்தை இங்கே விலைகொடுத்து வாங்குவானேன்?

ஏற்ற மருந்து சுண்ணாம்பே. வேம்பநாட்டுக் காயலின் கக்காச் சிப்பியை நீற்றிய சுண்ணாம்பும் ஆகும். மண்ணைச் சோதித்து, அளவறிந்து தூவிக் கொத்திக் கலந்திடுக. 2 வாரம் பொறுத்து உரமிடுக. மண் தேறும், செடியும் தழைக்கும்.