பால் ஒவ்வாத பிள்ளைகள்



சென்ற ஆண்டு எமது பாடசாலை மாணவன் ஒருவனின் தாயார் என்னைக் காண வந்திருந்தார். பசுப்பால் சிறிது உட்சென்றாலும் அவருடைய மகனுக்கு உடல் தடித்து மூச்சு முட்டும். "ஐயா, கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்து வந்தால் எல்லாம் பழகிவிடும் என்று இவனுடைய அப்பாச்சி சொல்லுகிறார். நாளுக்கொரு கரண்டி பால் கொடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார். வைத்தியரைக் கேளாமல் ஒரு துளியும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடிக் கற்றவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பால் குடித்தால் வயிறு பொருமுவோர் பலர் உளர். பாலிலுள்ள வெல்லம் செரியாமையால் வருவது அது; தொல்லையேயன்றி உயிருக்கு ஆபத்தன்று. ஒவ்வாமையோ வேறு. கேசீன் முதலிய பாற்புரதங்களைப் பகையென்று பிழையாகக் கருதி, உடலின் காவற்படை போர் தொடுப்பதே ஒவ்வாமையாகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். இப்பிள்ளைகளுக்கோ அளவு மிஞ்சாமலே அமிர்தம் நஞ்சாகின்றது. வளர வளர இக்குறை பலருக்குத் தானே நீங்கிவிடும், சிலருக்கு நீங்குவதில்லை.

அப்பாச்சியின் வார்த்தையில் உண்மை உண்டா? உண்டு. 1908ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஸ்கோபீல்ட் என்னும் வைத்தியர், முட்டை ஒவ்வாத 13 வயதுச் சிறுவனுக்கு, ஒரு முட்டையின் 10,000இல் ஒரு பங்கை மாத்திரையில் அடக்கிக் கொடுக்கத் தொடங்கினார். மெல்ல மெல்ல அளவை உயர்த்தினார். சில மாதங்களில் அச்சிறுவன் தீங்கின்றி முட்டை உண்டான்.

பாலிலும் இம்முறை சோதிக்கப்பட்டது. இத்தாலியின் திரியெஸ்தே நகர வைத்தியர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கடும் பால் ஒவ்வாமையுடைய 60 பிள்ளைகள் இடம்பெற்றனர். 30 பேருக்குப் பால் படிப்படியாகக் கொடுக்கப்பட்டது. ஏனைய 30 பேர் பாலை முற்றாக விலக்கினர். ஓராண்டின் பின், பால் பெற்றவர்களில் 11 பேர் 150 மில்லிலீற்றரும் அதற்கு மேலும் அருந்தினர். 16 பேர் அதிலும் குறைந்த அளவைத் தாங்கினர். 3 பேரால் தொடர இயலவில்லை. விலக்கியவர்களில் ஒருவரேனும் பாலைத் தாங்கவில்லை.

ஆனால், அன்பர்களே, அப்பாச்சியின் வார்த்தை பாதி உண்மையே. இச்சிகிச்சையின் போது வாந்தி, வயிற்றுவலி, மூச்சிழுப்பு ஆகியன நேர்வதுண்டு; உயிர்காக்க அதிரினலின் ஊசி ஏற்ற வேண்டிய வேளையும் வருவதுண்டு. நேற்றுத் தாங்கிய அதே அளவு, காய்ச்சல் கண்ட நாளிலோ ஓடி விளையாடிய பொழுதிலோ தாங்காமற் போகலாம். ஆகையால் முதல் அளவையும் ஒவ்வொரு உயர்வையும் வைத்தியர் தம் கண்முன்னே, ஊசிமருந்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு கொடுக்கின்றனர். வீட்டில் அன்றாட அளவை வெறுவயிற்றில் கொடுத்தல் ஆகாது. கட்டுப்படாத ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இது ஏற்றதன்று. பழகிய பின்னரும் நாள்தோறும் அருந்துவதை நிறுத்தினால், பெற்ற காப்பு பலருக்கு அகன்றுவிடும். ஆதலால் இதனைக் கேடயம் எனலாமேயன்றி, நோயை வேரறுக்கும் வாள் எனல் இயலாது.

கரண்டியால் அளப்பது தாயின் அன்பு. மில்லிகிராமால் அளப்பது வைத்தியரின் அறிவு. இங்கே உயிரைக் காப்பது பின்னையதே.

அந்தத் தாயார் வைத்தியரைக் கண்டு திரும்பினார். மகனுக்கு இழுப்பு அடங்கும்வரை பாலை விலக்குமாறு பணித்தாராம். அன்றுமுதல் எமது விழாக்களில் அவனுக்கென வெறுந்தேநீர் தனிக்குவளையில் வருகின்றது. தோழர்கள் பால்ரொபியை அவனிடம் நீட்டுவதில்லை. "ஒரு வாய் குடித்தால் என்ன?" என்று வற்புறுத்தாதிருப்பது, சிகிச்சை தெரியாத நாமும் செய்யத்தக்க உதவியன்றோ!