வைத்தியசாலை போதாது என்று கண்டவர்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாகக் கிராமமொன்றில் சுகாதாரப் பணி தொடங்குவதென்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. அம்புலன்ஸ் வாங்குவதா, கிளினிக் கட்டுவதா என்பதுதான் இப்போதைய விவாதம். நீண்ட காலம் பொதுச் சுகாதாரத் தாதியாக இருந்தவள் என்பதால் என்னைக் கதைக்கச் சொன்னார்கள். நான் இரண்டுக்கும் வாக்களிக்கப் போவதில்லை. இதே எண்ணத்தோடு தொடங்கி வழி மாறிய இரண்டு வைத்தியர்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

அந்தக் கதையின் ஒரு வேர் எங்கள் மண்ணிலும் உண்டு. 1819இல் இலங்கை வந்து, பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர் அமெரிக்க மிஷனரி டொக்டர் ஜோன் ஸ்கடர். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியவர். பின்னர் ஆண்களையும் சேர்த்துக்கொண்ட அந்தக் கல்லூரியில் 1950களில் ஒன்றாகப் படித்தவர்கள் மேபல், ராஜ் ஆரோலே தம்பதியர். படிப்பு முடிந்தபின் மகாராஷ்டிரத்தில் வடாலா என்ற இடத்து மிஷன் வைத்தியசாலைக்குப் போனார்கள்.

அங்கே இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். ஆனால் சுகமாக்கி அனுப்பிய பிள்ளை அதே வயிற்றோட்டத்தோடு திரும்பி வந்தது. வந்த நோய்களில் பெரும்பாலானவை வராமலே தடுத்திருக்கக் கூடியவை. இதைக் கண்டபின் அமெரிக்கா போய் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பொதுச் சுகாதாரம் படித்து, 1970இல் அகமதுநகர் மாவட்டத்து வரண்ட ஊரான ஜாம்கேட்டில் தங்கள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அப்போது அந்தக் கிராமங்களில் பிறந்த 1000 பிள்ளைகளில் 176 பேர் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய முதல் திட்டம் எங்களுடையதைப் போலத்தான் இருந்தது. பயிற்சி பெற்ற தாதி மருத்துவிச்சிகளைக் கிராமங்களில் இருத்தினார்கள். அது சரிவரவில்லை. வெளியூரிலிருந்து வந்த இளம் பெண்கள் அங்கே தனியாக இருக்கப் பயந்தார்கள். ஊர்ப் பெண்களும் அவர்களை நம்பவில்லை. கடைசியில் வழி காட்டியவர் ஒரு கிராமத் தலைவர்: எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியையே பழக்கி எடுங்களேன் என்றார்.

அப்படி ஊர்கள் தெரிந்தனுப்பிய பெண்களில் பெரும்பாலானோர் எழுத்து வாசனை அறியாதவர்கள். பலர் தலித் பெண்கள். கணவன் கைவிட்டவர்களும் விதவைகளும் இருந்தார்கள். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து, பிரசவம் பார்க்கவும் பிள்ளையின் நிறையைக் கணித்து வைக்கவும் பழகினார்கள். முதலில் மற்றச் சாதியாரோடு இருந்து சாப்பிட மறுத்தவர்கள் இருந்தார்கள். அது மாறக் காலம் எடுத்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த கொடிய வரட்சியில் குழாய்க்கிணறு தோண்ட உதவி கிடைத்தபோது, ஆரோலே தம்பதியர் தலித் மக்களின் குடியிருப்புப் பக்கத்திலேயே அவற்றைத் தோண்ட வழி செய்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் எல்லாரும் அங்கேதான் வரவேண்டும். கிணறு என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தவர்களாகிய எங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வைத்தியர்களுக்கு இதில் கஷ்டமான பகுதி எது என்று நான் அடிக்கடி யோசிப்பேன். காசு சேர்ப்பது அல்ல என்று நினைக்கிறேன். தாங்கள் படித்ததை, கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண்ணின் கையில் முழுதாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுதான். என் அனுபவம் இதைச் சொல்லவைக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வன்னியில் ஒரு தாய்க்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கும்படி நீளமாகப் புத்தி சொன்னேன். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "மிஸ், விறகு நீங்கள் கொண்டுவந்து தருவீங்களோ?" என்றா. கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டா. என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று அந்த வீட்டில் விறகு எங்கே, யார் பொறுக்குகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஜாம்கேட் பெயர் பெற்றது. 1979இல் இருவருக்கும் மக்சேசே விருது கிடைத்தது. 1990களில் அந்தக் கிராமங்களில் சிசு மரணம் 1000க்கு முப்பதிலும் குறைந்திருந்தது. டொக்டர் மேபல் 1999இலும் டொக்டர் ராஜ் 2011இலும் மறைந்தபின்னும் வேலை தொடர்கிறது.

அதை அப்படியே இங்கே நட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் நாட்டில் 1926இலேயே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிவிட்டது. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுப் படலைக்கே வருகிறா. அவவுக்கு மேலே நாங்கள் இன்னொரு மிட்வைஃபை அனுப்பினால் சிரிப்பார்கள். அந்த ஊருக்கு என்ன குறை என்பது எனக்குத் தெரியாது. நீரிழிவு மாத்திரையா, பஸ்ஸா, தனியாக இருக்கும் முதியவர்களைப் பார்க்க ஒரு ஆளா? இந்த மண்டபத்தில் இருக்கும் ஒருவருக்கும் அது தெரியாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இன்னும் நாங்கள் அங்கே போய்க் கேட்கவில்லை.

ஆகவே செயற்குழுவிடம் ஒன்று கேட்கிறேன். அம்புலன்ஸுக்கான காசோலையை ஆறு மாதம் எழுதாமல் வையுங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து காசு அனுப்பிய சகோதரிகள் கோபிக்கக் கூடும். விளக்கமாகக் கடிதம் எழுதுவதை நான் பொறுப்பெடுக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தக் கிராமத்துக்குப் போகிறேன். மாதர் சங்கத்தவர்கள் மரத்தடியில் பாய் போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வானில் இன்னும் நாலு பேருக்கு இடமிருக்கிறது.