அந்த போல்ட் எப்படி உடைஞ்சது?

இன்னைக்கு கோடிங் பத்திப் பேசப் போறதில்ல. ஆறு எம்எம் போல்ட் ஒண்ணு எனக்கு ஒரு நாள் லீவையும் அப்பாவோட ஒரு நாள் மௌனத்தையும் செலவு வெச்ச கதையைச் சொல்றேன். வண்டி வெச்சிருக்கிறவங்க கடைசி வரை கேளுங்க, பிரயோஜனம் இருக்கு.

எங்க வீடு அத்திப்பட்டு புதுநகர். வேலைக்காக நான் ஓஎம்ஆர் பக்கம் தங்கியிருக்கேன், சனி ஞாயிறு மட்டும் ஊருக்கு வருவேன். அப்பாவுக்கு ஒப்பந்த வேலை, காலை ஆறு மணி ஷிஃப்ட். பதினாலு வருஷமா ஒரே நூறு சிசி பைக். நான் பணம் கொடுத்தா வாங்க மாட்டார். புது வண்டின்னு ஆரம்பிச்சா பேச்சை மாத்திடுவார். அதனால, கிளட்ச் கவர்ல ஆயில் கசியுதுன்னு அவர் சொன்னதும் ஸ்பேனரைத் தூக்கிட்டேன்.

"எதுக்குடா? கடையில விட்டா ஒரு மணி நேரம். நீ வந்து உட்காரு, டீ குடி"ன்னார். நான் கேட்கல.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆயிலை வடிச்சாச்சு, எல்லா போல்ட்டும் வந்தாச்சு, கீழ இருந்த ஒண்ணைத் தவிர. அது அசையவே இல்ல. ஸ்பேனர்ல ஒரு பைப்பை மாட்டி அழுத்தினேன். கொஞ்சம் சுத்துச்சு. ஆஹா வந்துடுச்சுன்னு நினைச்ச நொடியில 'டக்'. தலை என் கையில, மீதி இன்ஜினுக்குள்ள.

இது ஏன் நடக்குதுன்னு முதல்ல பார்ப்போம். போல்ட் இரும்பு, இன்ஜின் உடம்பு அலுமினியம். ரெண்டு வேற உலோகம் ஒட்டிக்கிட்டு, நடுவுல உப்புத் தண்ணி போனா அது ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் அரிச்சு, வெள்ளைப் பவுடர் மாதிரி பூத்து, மரை இடுக்கை அடைச்சிரும். எங்க ஊர்ல ஒரு பக்கம் கடல், எண்ணூர் முகத்துவாரம். இன்னொரு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். கேட் தாழ்ப்பாளே சீக்கிரம் துருப்பிடிக்கிற ஊர். பதினாலு வருஷம் திறக்காத போல்ட் எப்படி இருக்கும்?

இதெல்லாம் யோசிக்காம, பக்கத்துல ஒரு ஹார்ட்வேர் கடையில ஈசி-அவுட் செட் வாங்கிட்டு வந்தேன். உடைஞ்ச போல்ட்ல ஓட்டை போட்டு, இந்தத் திருகுக் கம்பியை இடது பக்கமா திருப்பினா, கம்பி கடிச்சுப் பிடிச்சு போல்ட்டை வெளியே கொண்டு வரணும். வீடியோவில முப்பது செகண்ட் வேலை. என் ஓட்டை நடுவுல விழல. டிரில் பிட் வழுக்கி, மெதுவா இருக்கிற அலுமினியப் பக்கம் ஓடிடுச்சு. விடாம ஈசி-அவுட்டைச் செருகித் திருப்பினேன். அதுவும் 'டக்'.

இப்போ போல்ட்டுக்குள்ள ஈசி-அவுட். அது கடினப்படுத்தின இரும்பு, சாதாரண டிரில் பிட் அதைத் தொடவே தொடாது. பிரச்சினை ஒண்ணு இருந்தது, நான் ரெண்டாக்கிட்டேன்.

திங்கட்கிழமை விடியக்காலை கேட் திறக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்பா ஒண்ணும் சொல்லாம நடந்தே போயிட்டார். அது திட்டு வாங்கினதை விட மோசமா இருந்தது.

லீவு போட்டேன். வண்டியைக் குட்டியானையில ஏத்தி, திருவொற்றியூர்ல ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன். 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து என்ஃபீல்டும் கை கோர்த்து புல்லட் தயாரிக்க ஆரம்பிச்சு, தொழிற்சாலை வந்த ஊர் அது. பட்டறைப் பெரியவர் வண்டியைத் தொடக்கூட இல்ல. கேட்ட முதல் கேள்வி: "எப்படி உடைஞ்சுது தம்பி? கழட்டும்போதா, மாட்டும்போதா?"

"கழட்டும்போது."

"அப்போ ஈசி-அவுட் எதுக்குப் போட்ட? முழு போல்ட்டே தாங்காத முறுக்கை அந்தப் பென்சில் கம்பி தாங்குமா?"

எனக்கு அங்கேயே உறைச்சது. வேலையில எரர் லாகைப் படிக்காம கோடை மாத்துற ஜூனியரை நானே திட்டியிருக்கேன்.

அவர் சொன்னதை வரிசையா சொல்றேன். மாட்டும்போது அதிகமா முறுக்கி உடைஞ்சா, பெரும்பாலும் உள்ளே துண்டு லூசாத்தான் இருக்கும். தலை போனதும் இறுக்கம் போயிடும். கூரான ஊசியால தள்ளினாலே சுத்தி வரும். ஈசி-அவுட் இதுக்குத்தான்.

கழட்டும்போது உடைஞ்சா, மரை பிடிச்சிருக்கு. பலம் உதவாது, பொறுமை உதவும். துரு இளக்குற ஆயில் ஊத்தி ஒரு ராத்திரி விடணும். அப்புறம் சுத்தி இருக்கிற அலுமினியத்தைச் சூடாக்கணும். சூட்டுல அலுமினியம் இரும்பை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், பிடி தளரும். ஆனா முதல்ல சிந்தின ஆயில், பெட்ரோல் எல்லாம் துடைச்சாகணும், தீ பிடிக்கும். துண்டு வெளியே தெரிஞ்சா, மேல ஒரு நட்டை வெச்சு வெல்டிங். அந்தச் சூடே பாதி வேலையை முடிச்சிரும். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி ஒயரைக் கழட்டிடணும்.

மூணாவது, தப்பான மரை. பழைய புல்லட்ல அங்குல அளவு போல்ட்டும் உண்டு. அஞ்சு பை பதினாறு அங்குலம்னா 7.94 எம்எம். எட்டு எம்எம் போல்ட் மாதிரியே தெரியும், மரை இடைவெளி வேற. ஸ்பேனரால பலமா ஏத்தினா முதல்ல போகும், அப்புறம் சிக்கும்.

என் வண்டிக்கு அவர் செஞ்சது: கடினமான இரும்பு நொறுங்கும்னு தெரிஞ்சு, பஞ்ச் வெச்சுத் தட்டி ஈசி-அவுட்டைப் பொடியாக்கி, காந்தத்தால எடுத்தார். நான் மரையைக் கெடுத்திருந்ததால, ஆறே கால் எம்எம்க்கு ஓட்டையைப் பெரிசாக்கி, மரை போட்டு, ஸ்பிரிங் மாதிரி இருக்கிற ஹெலிகாயில் இறக்கினார். எழுநூறு ரூபாய். அதுக்குள்ள பழைய ஆறு எம்எம் போல்ட்டே போகும்.

சாயங்காலம் வீட்டு வாசல்ல நான் கவரை மாட்ட, அப்பா டார்ச் பிடிச்சார். போல்ட்டுக்கு ஸ்பேனரை எடுத்தேன். "இரு. முதல்ல மூணு சுத்து கையால போடு. கையால போகலன்னா ஏதோ தப்பு"ன்னார். பெரியவர் சொன்ன அதே விஷயம். அப்பாவுக்கு இது முன்னாடியே தெரியும். நான்தான் கேட்கவே இல்ல.

மறுநாள் காலை ஆயில் கசியல. அப்பா கிளம்பும்போது, "அடுத்த வாரம் செயின் பார்க்கணும்டா. நீ வந்ததும் சேர்ந்தே பண்ணலாம்"ன்னார்.

உங்க கையிலயும் ஏதாவது உடைஞ்சிருந்தா, டிரில்லை எடுக்கிறதுக்கு முன்னாடி எப்படி உடைஞ்சதுன்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. உங்க 'டக்' கதைகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.