முட்டை இடும் கட்டளை

குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போகும் பெண்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானது: "முட்டை 18 மில்லிமீட்டர் வந்திருக்கும்மா, ஊசி போட்டுடலாம்." ஸ்கேன் திரையில் கறுப்பு வட்டமாகத் தெரிவது முட்டை அல்ல. முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். திரையில் தெரிவது அதைச் சுமந்திருக்கும் நுண்பை, அதாவது ஃபாலிக்கிள். உள்ளே திரவம், சுவரில் அடுக்கடுக்காகக் கிரானுலோசா என்னும் செல்கள். முட்டையின் தலைவிதி அந்தச் செல்களின் கையில் இருக்கிறது.

பெண் சிசு தாய் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது அதன் சூலகங்களில் சுமார் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்பெய்தும் வயதில் மூன்று, நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதும் பக்குவமாகி வெளியே வருபவை ஏறக்குறைய 400 மட்டுமே.

மற்றவை எங்கே போயின? இருந்த இடத்திலேயே மடிந்து கரைந்துவிட்டன. வளரத் தொடங்கிய நுண்பை மடியும்போது, பெரும்பாலும் முதலில் சாவது கிரானுலோசா செல்கள்தான். அதுவும் அடிபட்ட சாவு அல்ல. செல் தன் டிஎன்ஏவைத் தானே துண்டுதுண்டாக நறுக்கிக்கொள்ளும் ஒழுங்கான சாவு. 1972-இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள்.

1992-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜோனதன் டில்லியும் ஆரன் ஷுவேயும் சக ஆய்வாளர்களும் எலியின் கிரானுலோசா செல்களைப் பிரித்தெடுத்து, வளர்ச்சிக் காரணிகள் இல்லாத ஊடகத்தில் வைத்தார்கள். யாரும் தொந்தரவு செய்யாமலே செல்கள் சாகத் தொடங்கின. ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்ததும் சாவு அடங்கியது. ஆக, இந்தச் செல்களுக்குச் சாவதற்குக் காரணம் தேவையில்லை; உயிரோடு இருப்பதற்குத்தான் உத்தரவு தேவை. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுத்தால்தான் ஓய்வூதியம் என்பதுபோல, உத்தரவு விடாமல் வந்துகொண்டே இருக்கவேண்டும்.

அந்த ஈஜிஎஃப்பைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்லி கோஹன். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றை எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது அவை நாள் வருமுன்பே கண் திறந்தன. அதைத் துருவிப் போய்ப் பிடித்த புரதம் இது. 1986-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இமையைத் திறந்த பொருளுக்குச் சூலகத்தில் என்ன வேலை என்று அன்று யார் யோசித்திருப்பார்கள்!

வளர்ச்சிக் காரணி செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் மேலுறையைத் துளைத்து நிற்கும் ஏற்பியை வெளியிலிருந்து தொடுகிறது. ஏற்பியின் உள்பாதி விழித்துக்கொள்கிறது. அங்கிருந்து ஒரு பாதை ஏகேடி என்ற நொதி வழியாகச் சென்று, சாவைத் தூண்டும் பேட் என்ற புரதத்தை முடக்குகிறது. இன்னொரு பாதை உட்கருவுக்குப் போய், செல் பிளவுபடத் தேவையான சைக்ளின்களை உண்டாக்கச் சொல்கிறது. சைக்ளின் டி2 இல்லாத பெண் எலிகளைச் சோதனைக்கூடத்தில் உருவாக்கிப் பார்த்தார்கள்: கிரானுலோசா செல்கள் பெருகவில்லை, எலிகள் மலடாயின.

உத்தரவு பல இடங்களிலிருந்து வருகிறது. பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வரும் எஃப்எஸ்எச் ஹார்மோன் அவற்றில் முக்கியமானது. சிகிச்சையின் தொடக்கத்தில் நுண்பைகளை வளர்க்கப் போடும் ஊசியும் அதேதான். அந்த மாதம் எப்படியும் மடிந்திருக்கக்கூடிய நுண்பைகளை அது காப்பாற்றுகிறது. ஊசி போட்டால் முட்டை இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற பயத்துக்கு அதனால் இடமில்லை.

ஆனால் உத்தரவு வரும் எதிர்பாராத இடம் ஒன்றும் உண்டு. 1996-இல் ஹூஸ்டனில் மார்ட்டின் மட்சுக் குழுவினர், முட்டையே சுரக்கும் ஜிடிஎஃப்-9 என்ற காரணியை எலிகளில் நீக்கினார்கள். நுண்பைகள் ஓரடுக்குச் செல்களோடு அப்படியே நின்றுவிட்டன. செல்கள் முட்டையை வளர்க்கின்றன என்றே அதுவரை பேசிவந்தார்கள். முட்டையும் அவற்றை அதட்டி வளர்த்துக்கொண்டிருந்தது.

நியூசிலாந்தின் இன்வர்டேல் செம்மறிகள் இதை மேய்ச்சல் நிலத்திலேயே காட்டின. முட்டை சுரக்கும் இன்னொரு காரணியான பிஎம்பி-15-இன் மரபணுவில் அவற்றுக்குப் பழுது என்று 2000-இல் தெரியவந்தது. பழுதான நகல் ஒன்று இருந்தால் ஆடு இரட்டைக் குட்டி போடுகிறது. இரண்டும் பழுதானால் மலடு! காரணி குறைந்தால் நுண்பைகள் சிறியதாக இருக்கும்போதே பக்குவமடைகின்றன. அதனால் ஒரே பருவத்தில் கூடுதல் முட்டைகள் வெளிவருகின்றன. அறவே இல்லையென்றால் நுண்பை முதல் படியையே தாண்டுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் பூருலா செம்மறிகளும் குட்டிகளுக்குப் பேர்போனவை. அங்கே மாற்றம் காரணியில் அல்ல, அதே குடும்பத்துக் காரணிகளை வரவேற்கும் ஏற்பியில். அந்த மரபணுவின் பூர்வீகம் வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியின் சின்னஞ்சிறு கரோலே ஆடு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிப் போனது. மகாராஷ்டிரத்தின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோலேயைத் தக்காணி ஆட்டோடு கலந்து, இரட்டைக் குட்டி போடும் 'நாரி சுவர்ணா' என்ற வகையை உருவாக்கியிருக்கிறது. எந்தக் குட்டியிடம் அந்த மரபணு இருக்கிறது என்பதை இப்போது இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுகொள்கிறார்கள்.