பனிக்கடற் கப்பலும் கணிப்பொறியும்



உறைந்த கடலில் வழி திறந்து செல்வது பனியுடைப்புக் கப்பல். அது கோடரியைப்போல் பனியைப் பிளப்பதில்லை. சரிந்த முகப்பினால் பனித்தகட்டின்மீது ஏறித் தன் எடையால் அழுத்தி, வளைத்து, முறிக்கின்றது. பனியின் தடிமன் இருமடங்கானால் அது தாங்கும் பாரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே பொறியின் ஆற்றலைக் கூட்டவேண்டும். பொறி பெருத்தால் எடை ஏறும்; எடை ஏறினால் கப்பல் நீரில் ஆழ்ந்து மிதக்கும்; ஆழத்தைக் குறைக்க உடலை அகலப்படுத்தினால் பனியின் தடைவிசை மீண்டும் கூடும். ஒன்றைத் திருத்தினால் அனைத்தையும் மறுபடி கணக்கிடவேண்டும்.

1977 ஆகஸ்டு 17 அன்று, நீர்ப்பரப்பின்மீது சென்று வடதுருவத்தை அடைந்த முதற் கப்பல் என்னும் பெருமையைச் சோவியத் நாட்டின் 'ஆர்க்டிகா' பெற்றது. அது நீருக்குள் ஏறத்தாழ 11 மீட்டர் ஆழ்ந்து மிதந்தது. சைபீரியாவின் யெனிசெய் ஆற்று முகத்துக்கு அவ்வாழம் பொருந்தாது. எனவே ஏறத்தாழ 8 மீட்டரே ஆழ்ந்து மிதக்கும் 'தைமிர்' என்னும் கப்பல் பின்லாந்தில் கட்டப்பெற்று, லெனின்கிராடில் அணு உலை பொருத்தப்பெற்று, 1989இல் பணிக்கு வந்தது. துருவத்திற்கு ஏற்றது ஆற்றிற்கு ஏற்றதன்று.

இரும்புத் தகட்டை வெட்டுமுன்னரே இத்தகைய பொருத்தத்தை ஆராயக் கணிப்பொறி நிரல்கள் உதவுகின்றன. 1989இல் லின்ட்க்விஸ்ட் என்னும் பொறியியலார் வெளியிட்ட கணக்குமுறை இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. முகப்பில் பனியை நொறுக்குதல், வளைத்து முறித்தல், துண்டுகளை நீருள் அமிழ்த்துதல் என்று தடைவிசையை அது மூன்றாகப் பிரிக்கின்றது. நீளம், அகலம், முகப்பின் கோணங்கள், உராய்வு, பனியின் தடிமன், வலிமை ஆகியவற்றைக் கொடுத்தால் தடைவிசை கிடைக்கும். கப்பலின் உந்துவிசை அதனை வெல்லவில்லையெனில் அந்த வடிவம் ஆகாது. நூறு வடிவங்களையும் கணிப்பொறி விரைவில் சலித்துத் தரும்.

எனினும், அக்கணக்கு மட்டமான பனிக்கே உரியது. கடலிலோ பனி மோதிக் குவிந்து மேடாகும். ஆதலால் தேர்ந்த வடிவத்தை, பனி உறையவைத்த தொட்டியில் சிறு மாதிரியாக ஓட்டியும் சோதிக்கின்றனர். தவறான எண்ணைக் கொடுத்தால், தவறான விடையையும் கணிப்பொறி தயங்காமல் தரும். அதனைக் கண்டுபிடிப்பது மனித அறிவே.

இளைஞர்களே! விசை, உராய்வு, மிதப்பு ஆகியன நம் பள்ளிப் பாடநூலில் உள்ளவையே. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதோடு நில்லாதீர்கள். அதன் பொருளைக் கேளுங்கள். பொத்தானை மட்டும் அழுத்தத் தெரிந்தவர் கணிப்பொறிக்கு ஏவலர். கணக்கின் பொருள் உணர்ந்தவரே அதனை ஏவுபவர். நீங்கள் ஏவுபவராக வளரவேண்டும் என வாழ்த்தி அமைகின்றேன்.