உடலுக்கும் உரிமை உண்டு



எல்ல மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவருக்கு நாளெல்லாம் உடலுழைப்பு உண்டு. கடையில் அமர்ந்திருப்பவருக்கோ நடை அவசியம். ஆயினும், பிறரைக் கண்டு தன் உடலை வெறுத்து வருத்துவது முறையன்று. உடல் அல்லாஹ் தந்த அமானிதம்.

நாள்தோறும் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் உரிமையுண்டென நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அன்னார் முதுமையில், அச்சலுகையை ஏற்றிருக்கலாமே என வருந்தினார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வளர்ந்தோருக்குப் பரிந்துரைத்தது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவே. ஸுபஹுக்குப் பின் அரைமணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் போதும். மழையால் ஒருநாள் தவறினால் மனந்தளராது மறுநாள் தொடருங்கள். குறைவாயினும் நிலையான அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது.

அவன் நமக்கு ஆரோக்கியம் அருள்வானாக! ஆமீன்.